வைஃபை கனெக்ட் ஆகுது... ஆனா நெட் வரல! ரீசெட் பட்டனை அழுத்தும் முன் புதுச்சேரி வீடுகளில் பார்க்க வேண்டியது என்ன?

போனில் வைஃபை குறி முழுசாகத் தெரியும். பக்கத்திலேயே ஒரு சின்ன ஆச்சரியக்குறி. தொட்டுப் பார்த்தால் 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று வரும். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, ஒரு நல்ல மழை பெய்து கரன்ட் போய் வந்தால் போதும், புதுச்சேரியில் ஏதாவது ஒரு தெருவில் இந்தக் காட்சி நிச்சயம்.

அடுத்து நடப்பதும் வழக்கமானதுதான். வீட்டில் ஒருவர் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார். உடனே சரியாகாது. பொறுமை இழந்த இன்னொருவர் ஊக்கை எடுத்து, ரவுட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் விட்டு ரீசெட் செய்துவிடுவார். பத்து நிமிடத்தில் தானாகவே திரும்பியிருக்க வேண்டிய இணைப்பு, கேபிள்காரர் வந்தால்தான் வரும் என்ற நிலைக்குப் போய்விடும். புயல் மழை நேரத்தில் அவர் எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபெஞ்சல் நாளில் என்ன ஆனது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. அதற்கு முன் பெரிய மழையாகப் பேசப்பட்டது 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 சென்டிமீட்டர்தான். கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு நாளில் வீட்டு இணையம் பொழுதுபோக்குக்கான விஷயமாக இருக்காது. அடுத்த தெருவில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு 'நாங்க நல்லா இருக்கோம்' என்று ஒரு தகவல்... எல்லாமே அந்தச் சின்ன டப்பா வழியாகத்தான் போகிறது. வீட்டுக்குள் மொபைல் டவர் சரியாகக் கிடைக்காதவர்கள் வைஃபை காலிங்கை நம்பித்தான் சாதாரண போன் பேசுகிறார்கள். அவர்களுக்கு நெட் போனால் போனும் போச்சு.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நிலைமை வேறு. அப்போது வீட்டு இணையம் பெரும்பாலும் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக வந்தது. கம்பி இணைப்பில் தண்ணீர் இறங்கினால் ரிசீவரில் 'கர்ர்ர்' என்று சத்தம் கேட்கும், நெட் விட்டுவிட்டு வரும். இன்று பல வீடுகளுக்கு வருவது ஃபைபர். அதாவது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். நனைந்ததால் மட்டும் கண்ணாடி கெட்டுப்போகாது. மரம் விழுந்தால் அறும், மடங்கினால் வெளிச்சம் கசியும், அணிலோ எலியோ கடித்தால் முடிந்தது கதை. எனவே பழைய வைத்தியம் இதற்குப் பொருந்தாது.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

குழப்பம் ஆரம்பிப்பதே இங்குதான். வைஃபை என்பது ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையே, வீட்டுக்குள் நடக்கும் ரேடியோ பேச்சு. இன்டர்நெட் என்பது ரவுட்டரிலிருந்து வெளியே, தெருக் கம்பம் வழியாக, கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் வரை போகும் வழி. வெளியே உள்ள வழி அறுந்தாலும் வீட்டுக்குள் வைஃபை ஜோராக வேலை செய்யும். அதனால்தான் சிக்னல் முழுசாகத் தெரிந்தும் யூடியூப் ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: வீட்டில் எல்லா போனிலும் நெட் இல்லையா, ஒரே ஒரு போனில் மட்டும் இல்லையா? ஒன்றில் மட்டும் என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம், கோளாறு அந்த போனில்தான். எல்லாவற்றிலும் இல்லை என்றால் ரவுட்டரில் எரியும் விளக்குகளைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சங்கடமான விஷயம். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா? மாதக் கட்டணம் செலுத்த வேண்டிய தேதி தாண்டியிருந்தால் வைஃபை அப்படியே இருக்கும், நெட் மட்டும் நிறுத்தப்பட்டிருக்கும். மழையையும் மின்துறையையும் திட்டித் தீர்த்த பிறகு இது தெரியவரும் வீடுகள் நிறைய. மொபைல் டேட்டாவை ஆன் செய்து, கம்பெனியின் ஆப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சிவப்பு லைட் எரிந்தால் என்ன அர்த்தம்?

ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்குப் பெயர் ஓ.என்.டி. சில வீடுகளில் இதுவே வைஃபை ரவுட்டராகவும் இருக்கும். சில வீடுகளில் ஓ.என்.டி. ஒன்று, அதிலிருந்து ஒயர் போகும் ரவுட்டர் ஒன்று என இரண்டு பெட்டிகள். இந்த ஓ.என்.டி.யில் கவனிக்க வேண்டியவை இரண்டு விளக்குகள். ஒன்றில் பி.ஓ.என். என்றும் இன்னொன்றில் எல்.ஓ.எஸ். என்றும் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், சில புது மாடல்களில் ஒரே விளக்குதான் நிறம் மாறும். ஆனால் சொல்லும் சேதி ஒன்றுதான்.

எல்.ஓ.எஸ். என்பது 'லாஸ் ஆஃப் சிக்னல்' என்பதன் சுருக்கம். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, கம்பெனியிலிருந்து வரும் வெளிச்சம் உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை, அல்லது மிகவும் மங்கலாக வருகிறது. இந்த நிலையில் ரவுட்டரை நூறு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. பாஸ்வேர்டு மாற்றுவது, ரீசெட் செய்வது எல்லாம் வீண் வேலை.

ஆனாலும் கேபிள்காரரை அழைப்பதற்கு முன் வீட்டுக்குள் ஒன்றைப் பார்க்கலாம். ஓ.என்.டி.க்குள் நுழையும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா? பீரோவை நகர்த்தியபோது மடங்கிவிட்டதா? முழங்கை மாதிரி மடங்கிய இழையில் வெளிச்சம் வளைந்து போகாது, வெளியே கசிந்துவிடும். அதை ஒரு சாத்துக்குடி அளவுக்காவது வளையமாகத் தளர்த்தி விடுங்கள். முனையில் உள்ள பச்சை அல்லது நீல நிறப் பிளக் 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று லேசாக அழுத்திப் பாருங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் முனை வெட்டப்பட்ட விதம் வேறு. ஒன்றை இன்னொன்றின் துளையில் செருகினால் பொருந்துவது போல இருக்கும், ஆனால் வெளிச்சம் கணிசமாக வீணாகும்.

கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து 'லைட் வருதா' என்று பார்ப்பது கூடவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஒன்றும் தெரியவில்லையே என்று உற்றுப் பார்ப்பவரின் விழித்திரைக்குத்தான் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

சிவப்பு எரியவில்லை, ஆனால் பி.ஓ.என். விளக்கு விடாமல் மின்னிக்கொண்டே இருக்கிறதா? வெளிச்சம் வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவி உங்கள் பெட்டியை இன்னும் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. கரன்ட் வந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்கு இது சகஜம். அரை மணி நேரமாகியும் மின்னினால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதுதான்.

பி.ஓ.என். நிலையாகப் பச்சையில் எரிகிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பு. இதுதான் பலரை ஊக்கு தேட வைக்கும் நிலை. ஃபைபர் நன்றாக இருக்கிறது, பெட்டியும் நன்றாக இருக்கிறது. கம்பெனியின் சர்வரில் உங்கள் ரவுட்டர் லாகின் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், சர்வரில் நெரிசலாக இருக்கலாம். யாராவது ஏற்கெனவே ரீசெட் செய்திருக்கவும் கூடும்.

பத்து நிமிடம் பொறுத்தால் என்ன?

பல ஃபைபர் இணைப்புகளில் ரவுட்டர் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுத்து கம்பெனி சர்வரில் நுழைகிறது. இந்த முறையை பி.பி.பி.ஓ.இ. என்பார்கள். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை. இணைப்பு கொடுத்த அன்று கேபிள்காரர் லேப்டாப்பிலோ போனிலோ போட்டுவிட்டுப் போனது. பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கரன்ட் சட்டென்று போகும்போது ரவுட்டர் சர்வரிடம் 'போய் வருகிறேன்' என்று சொல்லாமலே அணைந்துவிடும். சர்வர் பழைய லாகின் இன்னும் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதே பெயரில் இன்னொரு முறை உள்ளே வரப் பார்த்தால் 'ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்காரே' என்று சில நிமிடங்களுக்கு வாசலிலேயே நிறுத்திவைக்கும். நடுவில் நீங்கள் நாலு முறை ஆஃப்-ஆன் செய்தால் இந்தக் காத்திருப்பு நீளும். கரன்ட் வந்தவுடன் ஏரியா முழுக்க ஒரே நேரத்தில் எல்லா ரவுட்டரும் கதவைத் தட்டுவதால் நெரிசல் வேறு.

அதனால் ரீஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் சுவிட்சில் அணைத்து, அரை நிமிடம் விடுங்கள். முதலில் ஓ.என்.டி.யை மட்டும் ஆன் செய்து, பி.ஓ.என். விளக்கு நிலையாகும் வரை காத்திருங்கள். பிறகு ரவுட்டர். அதற்குப் பின் பத்து நிமிடம் அதை அப்படியே விட்டுவிடுங்கள். எழுந்து போய் டீ போடலாம்.

ரீஸ்டார்ட்டுக்கும் ரீசெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

"ரவுட்டரை ஒருவாட்டி ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று கஸ்டமர் கேரில் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது ரீஸ்டார்ட். தமிழில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுவதால் வரும் வினை இது.

ரீஸ்டார்ட் என்றால் தூங்கவைத்து எழுப்புவது மாதிரி. உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. ஊக்கு விட்டு பத்து விநாடி அழுத்திப் பிடிக்கும் ரீசெட், ரவுட்டரைக் கடையில் வாங்கிய நிலைக்கே கொண்டுபோய்விடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போய்விடும் என்பது சின்ன விஷயம், அதைப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். பி.பி.பி.ஓ.இ. யூசர்நேம், பாஸ்வேர்டும், சில கம்பெனிகள் கேட்கும் வி.லேன் எண்ணும் அழிந்துவிடுவதுதான் தலைவலி. அவை தெரியாமல் நெட் வராது. நிறுவனமே தூரத்திலிருந்து அமைப்புகளை அனுப்பிவிடும் இணைப்புகள் உண்டு. உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் மூலம் எடுத்தவற்றில் அந்த வசதி இருக்கும் என்று நம்பி ஊக்கை எடுக்க வேண்டாம். பி.எஸ்.என்.எல். உள்பட பல நிறுவனங்கள் வீட்டு வாசல் வரை ஒயர் இழுக்கும் வேலையை இப்படி உள்ளூர் ஆட்களிடம்தான் கொடுத்திருக்கின்றன.

மழை வருவதற்கு முன்பே, நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் கேபிள்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, நம்ம லைனோட யூசர்நேம், பாஸ்வேர்டு, வி.லேன் நம்பர் மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றால் போதும். கூடவே ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ. அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரி இருக்கும். வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் அதை டைப் செய்தால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். ஏற்கெனவே ரீசெட் செய்துவிட்டவர்களும் விவரங்கள் கையில் இருந்தால் அங்கேயே போட்டு மீட்டுவிடலாம்.

ஓ.என்.டி.யின் அதே பக்கத்தில் 'ஆர்.எக்ஸ். பவர்' என்று ஒரு எண்ணும் இருக்கும். வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. எப்போதும் மைனஸில்தான் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் அறுபடும் நிலை. 'லைன்ல ஒண்ணும் பிரச்னை இல்லையே' என்று யாராவது மழுப்பினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள், பேச்சே மாறும்.

கரன்ட் இல்லாதபோது நெட் வருமா?

வரலாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை சுத்தமான ஃபைபர் என்றால் நடுவில் கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குக் கரன்டே தேவையில்லை. வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் வெறும் கண்ணாடி அமைப்பு அது. வீட்டில் இன்வெர்ட்டரோ, ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ்.ஸோ இருந்தால், தெரு இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். கம்பெனி பக்கம் பேக்-அப் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து மாடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து சாதாரண லேன் ஒயரில் வீடுகளுக்குக் கொடுக்கும் இணைப்புகளும் உண்டு. அந்தப் பெட்டிக்குக் கரன்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டரால் பயனில்லை.

இதில் சுவாரஸ்யமான ஒன்று உண்டு. கரன்ட் போகும் அந்தக் கணத்தில் ஓ.என்.டி. தன் உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தை வைத்து எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கடைசிச் சேதி அனுப்பும்: 'என் ஃபைபர் அறவில்லை, கரன்ட்தான் போச்சு'. இன்ஜினியர்கள் இதை 'சாகும் மூச்சு' என்றே அழைக்கிறார்கள். எங்கே ஒயர் அறுந்தது, எங்கே வெறும் பவர்கட் என்று கம்பெனிக்குத் தெரிவது இப்படித்தான்.

விளக்கு எதுவுமே எரியவில்லை, அல்லது ரவுட்டர் தானாகவே மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். கரன்ட் திரும்பி வரும்போது ஏற்படும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். மாற்றும்போது பழையதில் உள்ள வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் ரவுட்டரில் செட்-டாப் பாக்ஸின் வேறு அடாப்டரைச் செருகிப் பார்ப்பது விஷப்பரீட்சை.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக் காற்றில் லேன் ஒயர் முனையின் செம்புப் பற்களில் பச்சை படியும். கழற்றி இரண்டு முறை செருகினால் நெட் வந்துவிட்டது என்றால் ரகசியம் இதுதான். முனையை வெட்டிப் புதிதாக மாட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் ரவுட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மெயின் சுவிட்சை அணைப்பது முதல் வேலை. ஈரமான தரையில் நின்று பிளக்கைத் தொடாதீர்கள். நனைந்த அடாப்டரைக் காயவைத்துப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவைப்பது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் வெளியிலிருந்து வரும் சில ஃபைபர் ஒயர்களில் பலத்துக்காக இரும்புக் கம்பி சேர்த்திருப்பார்கள். அறுந்து தொங்கும் ஒயரை மொட்டை மாடியிலிருந்து எட்டி இழுக்கும் வேலையும் கூடாது. அது எந்த ஒயர் மேல் உரசிக்கொண்டிருக்கிறது என்பது கீழிருந்து தெரியாது.

ஒரே ஒரு போனில் மட்டும் வரவில்லையா?

போன் செட்டிங்கில் அந்த வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று கொடுத்து, பாஸ்வேர்டை மறுபடி போடுங்கள். பாதிப் பிரச்னை இதில் தீர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் விளம்பரம் வராமல் இருக்க யாராவது 'பிரைவேட் டி.என்.எஸ்.' மாற்றி வைத்திருந்தால், அந்த சர்வர் படுத்துவிட்டால் போதும், நெட் இருந்தும் இல்லாத மாதிரி காட்டும். அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிப் பாருங்கள்.

புது ரவுட்டர் வந்த பிறகு சி.சி.டி.வி. கேமராவும் பழைய டிவியும் மட்டும் இணைய மறுக்கிறதா? பழைய கருவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. புதிய டபிள்யு.பி.ஏ. 3 பாதுகாப்பு முறையும் புரியாது. ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, பாதுகாப்பை டபிள்யு.பி.ஏ. 2-க்கு மாற்றினால் இணைந்துவிடும்.

வீட்டுக்கு பெயின்ட் அடித்த பிறகு நெட் வரவில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். எல்லா ஒயரையும் கழற்றி மாட்டியதில், வெளியிலிருந்து வரும் ஒயர் வான் துளைக்குப் பதில் லேன் துளைக்குப் போயிருக்கும். வான் துளை பொதுவாக வேறு நிறத்தில், தனியாக இருக்கும்.

ஒயிட் டவுன் சுவரும் முற்றமும்

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வீடுகளில் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். வெயிலைத் தடுக்கக் கட்டியவை வைஃபையையும் தடுக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் தாண்டினாலே திணறும், 2.4 கொஞ்சம் கூடப் போகும். அந்த வீடுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்களிடம், "சிக்னல் காட்டுது, கனெக்ட்டே ஆகல" என்று விருந்தாளிகள் சொல்வதற்கு இதுதான் காரணம். ரவுட்டருக்குக் குரல் பெரிது, போனுக்குச் சின்னது. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. ஆகவே பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 'ஐ.பி. முகவரி பெறுகிறது' என்பதிலேயே நின்றுவிடும்.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியின் பழைய வீடுகளுக்கு ஒரு நல்ல நேரம். நடுவில் முற்றம் இருக்கிறது. ஆனால் ஒயர் நுழையும் இடம் தெருப்பக்கம் என்பதால் ரவுட்டரை முன் ஹாலின் மூலையிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து பாதி சிக்னல் தெருவுக்குப் போகிறது. சில மீட்டர் ஒயர் கூடுதலாக இழுத்து, முற்றத்தைப் பார்த்த மாதிரி உயரத்தில் வைத்தால் சுற்றியுள்ள அறைகளுக்கு அலை சுவரைத் துளைக்காமலே போய்ச் சேரும். சாரல் படாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஊருக்கு வரும்போது அங்கே பயன்படுத்திய இன்டர்நெட் பெட்டியையும் கொண்டுவந்து, 'இது நல்ல மெஷின், மாட்டிப் பாருங்க' என்று கொடுப்பவர்கள் உண்டு. பிளக் இங்கே பொருந்தும், விளக்கும் எரியும். ஆனால் அந்த ஊர் கம்பெனிகள் தரும் பெட்டிகள் அவர்களுடைய நெட்வொர்க்குக்கென்றே அமைக்கப்பட்டவை. ஃபைபர் இணைப்பில் பெட்டியின் வரிசை எண்ணைக் கம்பெனி பதிவு செய்தால்தான் உள்ளேயே விடும். கடையில் வாங்கிய தனி ரவுட்டர் என்றால், ஓ.என்.டி.க்குப் பின்னால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

யாரை அழைப்பது? இங்கேதான் பணம் போகிறது

நெட் இல்லாத பதற்றத்தில் மொபைல் டேட்டாவில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழைப்பது ஆபத்து. போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கும் கும்பல்கள் இருக்கின்றன. "சார், பத்து ரூபா அனுப்பி கம்ப்ளெய்ன்ட் ரிஜிஸ்டர் பண்ணுங்க", "இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, நாங்களே சரிபண்றோம்" என்றால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வு ஆப்கள் மூலம் நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. ரவுட்டரைச் சரிசெய்ய உங்கள் போன் திரையோ ஓ.டி.பி.யோ யாருக்கும் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பழைய பில்லிலோ, கம்பெனியின் ஆப்பிலோ இருக்கும் எண்தான் சரியான எண்.

கேபிள்காரரிடம் போனில் சொல்லிவிட்டால் போதும் என்று விட்டுவிடாமல், கம்பெனியிலும் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். சொல்லும்போது 'நெட் வரல' என்பதற்குப் பதில், "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது, காலை 9 மணியிலிருந்து, பக்கத்து வீட்டிலயும் இல்ல" என்று சொன்னால் ஒயர் ஆள் வேண்டுமா, சர்வர் பக்கம் பார்க்க வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். பக்கத்து வீட்டிலும் இல்லை என்ற தகவல் முக்கியம். அறுந்தது தெருவில் என்பது அதிலிருந்தே புரியும்.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள டிராய் சேவைத் தர விதிமுறைகளின்படி, நிறுவனத்தின் பக்கம் ஏற்பட்ட கோளாறைச் சரிசெய்ய 3 நாளுக்கு மேல் ஆனால் வீட்டு இணைப்பு வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவு தர வேண்டும். கோளாறு எப்போது தொடங்கியது என்பதற்கு அந்தப் புகார் எண்தான் சாட்சி. கஸ்டமர் கேரில் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு எதிராக வாடிக்கையாளர்கள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே போவதென்றால் புகார் எண் வந்த எஸ்.எம்.எஸ்., கட்டணம் செலுத்திய ரசீது, விளக்கு சிவப்பாக எரிந்ததை எடுத்த தேதியிட்ட போட்டோ ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும்.